கண்காட்சிக் கார்களின் மேற்பூச்சில் தெரியும் சுழல் கீறல்கள்: ஓர் எளிய விளக்கம்

பனி மூடிய காலையில் ஏற்காடு ஏரிக்கரையோரம் நிறுத்தப்பட்டிருக்கும் ஒரு கறுப்புக் கார், எதிரே நிற்பவரின் முகம் தெரியும் அளவுக்குக் குறையின்றிப் பளபளக்கும். பதினொரு மணிவாக்கில் பனி விலகி வெயில் நேராக விழுந்ததும், அதே காரின் பானெட்டில் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள் தோன்றிவிடும். இடைப்பட்ட நேரத்தில் காருக்கு எதுவும் நேர்ந்துவிடவில்லை. கோடுகள் முதலிலிருந்தே அங்கே இருந்தன, ஒளிதான் மாறியது. கார் ஆர்வலர்கள் ஸ்வர்ல் மார்க் என்று சொல்லும் இந்தச் சுழல் கீறல்கள் எப்படி உண்டாகின்றன, ஏன் வட்டமாகத் தெரிகின்றன, எவற்றை நீக்கலாம், எவற்றை விட்டுவிட வேண்டும் என்பதைப் பெயிண்ட் வேலையில் முன்பழக்கம் இல்லாதவருக்கும் புரியும்படி இங்கே விளக்க முயல்கிறேன்.

தினமும் அலுவலகம் போய்வரும் காரைவிட, கண்காட்சிக்கென்றே போற்றி வைத்திருக்கும் காரில் இந்தக் கீறல்கள் பல நேரங்களில் அதிகமாக இருக்கின்றன. முதலில் கேட்கும்போது இது பொருந்தாததாகத் தோன்றலாம். ஆனால் சாலையில் ஓடுவதால் விழும் கீறலைவிடத் துடைப்பதால் விழும் கீறலே மிகுதி என்பதும், கண்காட்சிக் காரைப் போல ஓயாமல் துடைக்கப்படும் கார் வேறில்லை என்பதும் தெரிந்தால் வியப்பு அடங்கிவிடும்.

பெயிண்டின் அடுக்குகள்

இன்றைய கார்களின் இரும்புத் தகட்டின்மேல் முதலில் ஒரு பாஸ்பேட் பூச்சும், அதன்மேல் துருவைத் தடுப்பதற்காக வண்டியின் கூட்டையே தொட்டியில் முக்கி மின்சாரத்தின் உதவியால் ஏற்றும் அடிப்பூச்சும், பிறகு பிரைமரும், அதற்கு மேல் நிறத்தைத் தரும் பேஸ் கோட்டும், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட்டும் இருக்கின்றன. தொழிற்சாலையில் அடித்த பெயிண்டின் மொத்தக் கனம் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த மொத்தத்தில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை.

சுழல் கீறல்கள் இந்தக் கிளியர் கோட்டின் மேற்பரப்பில், பெரும்பாலும் ஓரிரு மைக்ரான் ஆழத்துக்குள் அடங்கிவிடுபவை. நிறம் இருக்கும் அடுக்கை அவை தொடுவதே இல்லை. ஆகவே பழைய கறுப்புக் கார் சாம்பல் பூத்ததுபோல் மங்கித் தெரிந்தாலும், பல நேரங்களில் உள்ளே நிறம் அப்படியே இருக்கிறது. அதற்கு மேலுள்ள படலம்தான் ஒளியைச் சிதறடித்து நிறத்தை மறைக்கிறது. இதை அறிந்தவர், மங்கிய காரைக் கண்டவுடன் மறுபெயிண்ட் அடிக்கக் கிளம்பமாட்டார்.

இதே கனக் கணக்கில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கீறலை நீக்குவது என்றால் பள்ளத்தை நிரப்புவதல்ல. பள்ளத்தின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்துக் குறைப்பதுதான். வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து கீழ் அடுக்குகளைக் காக்கும் பொருட்கள் அந்தப் படலத்தில்தான் கலந்திருக்கின்றன. ஒரு காரின் ஆயுள் முழுவதற்கும் சேர்த்து ஏழெட்டு மைக்ரானுக்கு மேல் கிளியர் கோட்டைக் குறைக்காமல் இருப்பது நல்லது என்பது இத்தொழிலில் பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் வரம்பு. அதைத் தாண்டித் தேய்க்கப்பட்ட கார்களுக்குச் சில ஆண்டுகளில் என்ன நேர்கிறது என்பதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. கூரையிலும் பானெட்டிலும் கிளியர் கோட் செதில் செதிலாக உரிந்து நிற்கும் கார்களைச் சேலத்து வெயிலில் எந்தத் தெருவிலும் காணலாம். அவை எல்லாமே தேய்ப்பால் வந்தவை அல்ல. ஆனால் தேய்ப்பு அந்த நாளை முன்னுக்குக் கொண்டுவருகிறது.

வட்டமாகத் தெரிவது ஏன்

தொடக்க நிலையில் இருப்பவர்கள் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கோடுகள் வட்டமாகத் தெரிவதால், யாரோ துணியை வட்டமாகச் சுழற்றித் துடைத்ததால்தான் அவை வந்தன என்று நினைப்பது இயல்பு. ஆனால் கையில் டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு, நிழலில் நிற்கும் காரின் பானெட்டில் ஒளியைப் பாய்ச்சி, டார்ச்சை மெல்ல இடமிருந்து வலமாக நகர்த்திப் பாருங்கள். வட்டங்களும் ஒளியோடு சேர்ந்து நகரும். கீறல்கள் உண்மையிலேயே வட்டமாக இருந்திருந்தால் அவை ஓரிடத்தில்தான் நின்றிருக்க வேண்டும்.

மேடு பள்ளமில்லாத பரப்பில் விழும் ஒளி, விழுந்த கோணத்துக்குச் சமமான கோணத்தில் ஒரே திசையில் திரும்புகிறது. அதனால்தான் பிம்பம் தெளிவாகத் தெரிகிறது. கீறல் என்பது ஒரு நீண்ட, மெல்லிய பள்ளம். அதன் இரு சரிவுகளிலும் படும் ஒளி நேராகத் திரும்பாமல், பள்ளத்தின் நீளத்துக்குக் குறுக்குவாட்டில் விசிறியாக விரிகிறது, நீளவாட்டில் விரிவதில்லை. எனவே பானெட்டில் ஏதோ ஓரிடத்தில் கிடக்கும் கீறல் நம் கண்ணுக்கு மின்ன வேண்டுமென்றால், ஒளியின் பிம்பத்திலிருந்து அந்த இடத்துக்கு இழுக்கும் கோட்டுக்கு அது குறுக்காகக் கிடக்க வேண்டும். பானெட்டில் எல்லாத் திசைகளிலும் ஆயிரக்கணக்கான கீறல்கள் கிடக்கின்றன. அவற்றில் பிம்பத்துக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் ஒவ்வோரிடத்திலும் மின்னுகின்றன. மற்றவை இருட்டிலேயே இருந்துவிடுகின்றன. மின்னும் சிறு துண்டுகளைக் கண் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கும்போது பிம்பத்தைச் சுற்றி வளையங்கள் உருவாகின்றன.

இதைச் சோதிக்கக் கார்கூடத் தேவையில்லை. வீட்டில் நாள்தோறும் தேய்த்துக் கழுவும் எவர்சில்வர் தட்டு ஒன்றை வெயிலில் பிடித்தால், தேய்த்தவர் எந்தத் திசையில் தேய்த்திருந்தாலும், சூரியன் தெரியும் புள்ளியைச் சுற்றி அதே வளையங்கள் தோன்றும். தட்டைச் சாய்த்தால் அவையும் இடம் மாறும். கஞ்சமலைக்கு அருகே சேலம் உருக்காலை அமைந்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு இது புதிதாக இராது. துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை அதன் சேர்மானத்தால் மட்டுமன்றி மேற்பரப்பின் மெருகாலும் வகை பிரித்துத்தான் அத்தொழிலில் விற்கிறார்கள். கார் பெயிண்டையும் அதே கண்ணோடு பார்க்கலாம்: எவ்வளவு பளிச்சிடுகிறது என்று மட்டும் பாராமல், திருப்பி அனுப்பும் பிம்பம் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

இந்த ஒளியியலிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன. நேர்கோட்டில் துடைத்தால் கீறல் விழாது என்று சொல்வது சரியல்ல; கீறல் விழத்தான் செய்யும், ஆனால் எல்லாம் ஒரே திசையில் கிடப்பதால் சில கோணங்களில் மட்டும் தெரியும். அடுத்து, டியூப் லைட் போட்ட கொட்டகை, சாமியானாப் பந்தல், மேகமூட்டம், மலைப்பனி ஆகிய இடங்களில் ஒளி எல்லாப் பக்கமும் பரவி வருவதால் கீறல்கள் ஒளிந்துகொள்கின்றன. ஒற்றைப் புள்ளியாக வரும் வெயிலும் டார்ச்சும்தான் அவற்றைக் காட்டிக்கொடுக்கின்றன. மூன்றாவதாக, கறுப்பு, கருநீலம், அரக்கு ஆகிய நிறங்களில் பின்புலம் இருண்டிருப்பதால் கீறலின் மினுக்கம் எடுப்பாகத் தெரிகிறது. வெள்ளைக் காரிலும் அதே அளவு கீறல் இருக்கக்கூடும். பின்புலமே ஒளிர்வதால் அது கண்ணில் படுவதில்லை. வெள்ளை அம்பாசடரைப் பார்த்துவிட்டுப் பராமரிப்பில் சிறந்தது என்றும், பக்கத்தில் நிற்கும் கறுப்பு ஃபியட்டைப் பார்த்துவிட்டுக் கவனிப்பில்லாதது என்றும் மதிப்பிடுவது இரண்டு கார்களுக்குமே நியாயம் செய்வதாகாது.

கீறலைப் போடுவது தூசிதான்

துணி மென்மையானதாக இருந்தால் கீறல் விழாது என்று பலர் நம்புகிறார்கள். துணி பெரும்பாலும் குற்றவாளி அல்ல. துணிக்கும் பெயிண்டுக்கும் இடையில் அகப்பட்டுக்கொள்ளும் மண் துகள்தான் கீறுகிறது. சாலைத் தூசியில் எங்கும் கலந்திருக்கும் குவார்ட்ஸின் கடினம், தாதுக்களை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7. எஃகுக் கத்தியின் அலகையே கீறக்கூடிய அந்தத் துகளுக்கு, பிளாஸ்டிக் இனத்தைச் சேர்ந்த கிளியர் கோட் எம்மாத்திரம்? சேலத்தின் தூசிக்கு இன்னொரு முகமும் உண்டு. செட்டிச்சாவடி, ஜாகீர் அம்மாபாளையம் பக்கத்து வெள்ளைக்கல் சுரங்கங்களைச் சுற்றியுள்ள சாலைகளில் போய்வரும் வண்டிகளின் மேல் வெண்மையான தூள் படிவதைக் காணலாம். அந்தக் கல், அதாவது மேக்னசைட், குவார்ட்ஸைவிட மென்மையானதுதான். மோஸ் அளவில் 4க்குப் பக்கத்தில் வரும். ஆனால் உலர் துணியால் இழுத்துத் தேய்த்தால் கிளியர் கோட்டில் கோடு போட அதுவே போதும்.

பட்டறைகளில் எல்லா வேலைக்கும் பயன்படும் பனியன் வேஸ்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திருப்பூர்ப் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக வரும் இந்தத் துணித் துண்டுகள் தொடுவதற்கு மென்மையாக இருந்தாலும், அவற்றில் தையல் விளிம்புகளும், பாலியெஸ்டர் நூலும், சில நேரங்களில் அச்சடித்த பெயிண்டும் இருக்கும். எஞ்சின் ஆயிலைத் துடைக்க அவை உகந்தவை. மெருகேற்றிய பானெட்டின் அருகில்கூட அவற்றைக் கொண்டுபோகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் லாரியின் சேசிஸைத் தேய்த்த அதே பிரஷ்ஷும் துணியும் அடுத்ததாக நம் காருக்கு வருவதையும் கவனிக்க வேண்டும். உப்பு மிகுந்த போர் தண்ணீரில் கழுவி வெயிலிலேயே காயவிட்டால் நீர்த்துளி நின்ற இடமெல்லாம் வெள்ளை வளையமாக உப்புக் கறை படிகிறது. அதை உலர்ந்த நிலையில் அழுத்தித் தேய்த்து எடுக்க முயலும்போது கறையோடு கீறலும் வந்துசேர்கிறது.

நம் ஊர் வழக்கங்கள் சிலவற்றிலும் கவனம் வேண்டும். ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனமும் குங்குமமும் காய்ந்த பிறகு அவற்றைச் சுரண்டியோ உலர் துணியால் தேய்த்தோ எடுக்காமல், ஈரத்துணியைச் சற்று நேரம் மேலே போட்டு ஊறவைத்துத் தண்ணீரால் வழித்துவிட வேண்டும். திருமண ஊர்வலத்துக்கு அலங்கரிக்கப்படும் காரில் மாலையின் நாரும் ரிப்பனும் காற்றில் ஆடி ஆடிப் பானெட்டின் விளிம்பை உரசுவதால் உண்டாகும் மங்கல், துடைப்பால் வரும் கீறலைவிடச் செறிவாக ஒரே இடத்தில் விழும். பழைய கார்களை முகூர்த்தத்துக்கு இரவல் கொடுக்கும் அன்பர்கள் மாலையின் இரு முனைகளையும் இறுக்கிக் கட்டச் சொன்னாலே பாதிச் சேதம் தவிர்ந்துவிடும்.

சுழல் கீறல்போல் தோன்றும் வேறு குறைகள்

மேற்பூச்சின் தரக்குறைவு எல்லாமே சுழல் கீறல் அல்ல. குறிப்பாக மூன்று குறைகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டால், எது தேய்த்தால் போகும், எது போகாது என்று முடிவு செய்வது எளிதாகும்.

முதலாவது, ஹோலோகிராம் எனப்படும் மெஷின் தடம். பஃபிங் மெஷினை, அதிலும் ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷினை, கம்பளிப் பேடும் கரகரப்பான ரப்பிங் காம்பவுண்டும் கொண்டு ஓட்டிவிட்டு அடுத்த நுண்மையான கட்டத்தைச் செய்யாமல் நிறுத்திவிடும்போது இது உண்டாகிறது. மெஷின் போன பாதையிலேயே அகலமான பட்டைகளாகத் தெரியும்; நாம் நடக்க நடக்க அந்தப் பட்டைகள் பெயிண்டுக்குள் அசைவதுபோல் தோன்றும். கண்காட்சிக்கு முந்தின நாள் அவசர அவசரமாக ரப்பிங் போட்டு வரும் கார்களில் இதுவே மிகுதி. துணியால் விழுந்த கீறலை நீக்கப் போய், அதைவிடப் பெரிய பரப்பில் ஒழுங்கான கீறலைப் போட்டுவிடுவது போன்றது அது. கண்காட்சிக்கு முந்தின நாளைக் கழுவுவதற்கும் கவசப் பூச்சுக்கும் ஒதுக்கிவிட்டு, மெஷின் வேலையை முன்கூட்டியே முடித்துவிடுவதே முறை என்று நான் கருதுகிறேன்.

இரண்டாவது, ஆரஞ்சுத் தோல் என்று பெயிண்டர்கள் சொல்லும் சொரசொரப்பு. இதில் கீறலே இல்லை. மேற்பரப்பு சிறு சிறு மேடுகளாக இருக்கிறது. டியூப் லைட்டின் பிம்பத்தைப் பெயிண்டில் பார்த்தால் அதன் விளிம்பு நேராக இல்லாமல் நெளிந்து தெரியும். ஸ்பிரே கன்னிலிருந்து வரும் துளிகள் ஒன்றோடொன்று கலந்து சமமாகப் பரவுவதற்குள் உலர்ந்துவிட்டால் இப்படி ஆகும். பெயிண்ட் கெட்டியாக இருப்பது, காற்றழுத்தம் போதாதது, கன்னைத் தள்ளிப் பிடிப்பது ஆகியவற்றோடு, சேலத்துக் கோடையில் தின்னர் வெகு விரைவாக ஆவியாகிவிடுவதும் ஒரு காரணம். அதனால்தான் வெயில் காலத்துக்கு மெதுவாக உலரும் தின்னரைத் தேர்ந்துகொள்கிறார்கள். சேர்வராயன் மலைமேல் சிக்கல் தலைகீழானது. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில், ஈரப்பதம் மிகுந்த குளிர்ந்த காற்றில் பழைய வகை லேக்கர் பெயிண்ட் அடித்தால், தின்னர் ஆவியாகும்போது பரப்பு மேலும் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, பெயிண்ட் பால் கலந்ததுபோல் வெளுத்துவிடும். மழை நாளில் திறந்தவெளியில் பெயிண்ட் அடிக்க அனுபவமுள்ள பெயிண்டர் மறுத்தால் அதைச் சோம்பல் என்று நினைத்துவிடக் கூடாது.

மூன்றாவது, தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பரின் கோடுகள். இவற்றில் இருவகை உண்டு. கிளியர் கோட்டை நைசாக்கத் தேய்த்த 1500 அல்லது 2000 எண் தாளின் கோடுகள் மேலே இருப்பவை, பாலிஷில் போய்விடும். பட்டி பார்த்த இடத்தையும் பிரைமரையும் கரடான தாளால் தேய்த்துவிட்டு, அடுத்தடுத்த நுண்மையான தாள்களுக்குப் போகாமல் பெயிண்ட் அடித்ததால் வரும் கோடுகள் அடியில் இருப்பவை. அடித்த அன்று அவை தெரியாது. பெயிண்டுக்குள் மிஞ்சியிருக்கும் தின்னர் வாரக்கணக்கில் மெல்ல வெளியேறி, படலம் சுருங்கி, அடியிலுள்ள பள்ளங்களுக்குள் இறங்கிய பிறகே மேலே வந்து நிற்கும். புதிதாகப் பெயிண்ட் அடித்த கார் முதல் மாதத்தில் இருந்த மெருகை மூன்றாம் மாதத்தில் இழப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அடியிலுள்ள கோடு போகாது. அதைத் துரத்திக்கொண்டு போனால் கிளியர் கோட்தான் தீரும்.

இவை தவிர ஒழுகல், சிலிக்கான் பட்ட இடத்தில் பெயிண்ட் ஒதுங்கி உண்டாகும் குழிகள், அடிக்கும்போது ஒட்டிக்கொண்ட தூசி, ரப்பர் பீடிங்கின்மேல் படிந்த ஸ்பிரே ஆகியவையும் உண்டு. இவற்றைக் கண்டறிவது எளிது. கீறலோடு குழப்பிக்கொள்ளவும் வாய்ப்பில்லை.

மறைப்பதும் நீக்குவதும்

கண்காட்சிக் காரை வாங்க நினைப்பவரும் மதிப்பிடுபவரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, கீறல் நீக்கப்பட்டதா, மறைக்கப்பட்டதா என்பது. கிளேஸ் எனப்படும் சில பாலிஷ்களில் எண்ணெய்ப் பொருட்களும் நுண்ணிய களிமண் போன்ற நிரப்பிகளும் இருக்கின்றன. அவை கீறலுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்வதால் ஒளி சிதறுவது குறைந்து, பரப்பு குறையற்றதுபோல் தோன்றும். சில முறை ஷாம்பு போட்டுக் கழுவியதும், அல்லது பானெட் வெயிலில் நன்றாகச் சுட்டதும் நிரப்பி வெளியேறிக் கீறல் திரும்பிவிடும். ஒரு நாள் கண்காட்சிக்காக இதைச் செய்வதில் தவறில்லை. ஏற்கெனவே மெலிந்துவிட்ட பழைய பெயிண்டுக்கு இதுவே பாதுகாப்பான வழியும்கூட. அதைக் கீறல் நீக்கம் என்று சொல்லி அதற்குரிய கூலி வாங்குவதுதான் தவறு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து ஒரு மென்மையான துணியால் சிறிய இடத்தை மட்டும் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் உண்மை நிலை பெருமளவு தெரிந்துவிடும். புதிதாக அடித்து இன்னும் இறுகாத பெயிண்டிலும், பழைய லேக்கரிலும் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. ஆல்கஹால் அவற்றை இளக்கிவிடும்.

உண்மையான நீக்கம் பின்வருமாறு நடைபெறுகிறது. காரை நன்றாகக் கழுவி, ஒட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் துகள், தார்ப் புள்ளி, மரப்பிசின் ஆகியவற்றைக் நுரைநீர் தெளித்து, களிமண் கட்டி போன்ற கிளே பாரை அழுத்தாமல் வழுக்கவிட்டு எடுக்கிறார்கள். சில்வர் ஓக் மரத்தடியிலும் காப்பித் தோட்டச் சாலையோரத்திலும் நின்றுவிட்டு இறங்கும் ஏற்காட்டுக் கார்களுக்கு இந்தக் கட்டத்தைத் தவிர்க்கவே முடியாது. பிறகு கனமானியால் ஒவ்வொரு தகட்டிலும் பெயிண்டின் கனத்தை அளக்கிறார்கள். இரும்பின்மேல் காந்தத் தூண்டலாலும், அலுமினியத்தின்மேல் சுழல் மின்னோட்டத்தாலும் அளக்கும் இந்தச் சிறு கருவி, மறுபெயிண்ட் அடித்த இடத்தையும் பட்டி பார்த்த இடத்தையும்கூடச் சொல்லிவிடும். 100 காட்ட வேண்டிய இடத்தில் 400, 500 என்று காட்டினால் அங்கே ஒரு கதை இருக்கிறது. ஆனால் அது மொத்தக் கனத்தையே காட்டும், கிளியர் கோட்டில் எவ்வளவு மிச்சமென்று தனித்துக் காட்டாது என்பதை மறந்துவிடக் கூடாது.

அதன்பின் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் சோதனை செய்து பார்க்கிறார்கள். மிக மென்மையான பேடும் மிக நுண்மையான பாலிஷும் கொண்டு தொடங்கி, போதவில்லையென்றால் மட்டும் ஒரு படி ஏறுவது இதன் நெறி. பாலிஷ்களில் வேலை செய்யும் துகள் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. அதற்கு மூலமான பாக்சைட் தாது சேர்வராயன் மலையிலும் கிடைக்கிறது என்பது நம் பக்கத்துக்காரர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. தொடக்கநிலையினர் தாமே செய்ய விரும்பினால் டூயல் ஆக்ஷன் மெஷினையே எடுக்க வேண்டும். அது தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, மையம் விலகிய ஒரு சிறு வட்டத்திலும் அலைவதால், சூடு ஓரிடத்தில் தங்காது. ஹோலோகிராம் விழும் வாய்ப்பும் குறைவு. ரோட்டரி மெஷின் விரைவாக வேலை செய்யும், ஆனால் கதவின் விளிம்பிலும் பானெட்டின் மடிப்பு வரியிலும் பெயிண்ட் மெலிந்திருப்பதால், பழகாத கையில் அது நொடியில் பிரைமரைக் காட்டிவிடும். விளிம்புகளுக்குத் தாள் டேப் ஒட்டிவிட்டு வேலை செய்வதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். கைதேர்ந்தவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

நகத்தைக் குறுக்கே மெல்ல ஓட்டும்போது தட்டுப்படும் கீறல் பெரும்பாலும் பாலிஷுக்கு அடங்காத ஆழமுடையது. அதன் விளிம்புகளை மட்டும் மழுக்கி, மினுக்கத்தைக் குறைத்துவிட்டு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது என்று சொல்லப்படுவதையும் இங்கே சரிபார்க்க வேண்டும். அது ஓரிரு மைக்ரான் அளவே கனமுள்ள படலம். தண்ணீரை ஓடவிடும், அழுக்கு ஒட்டுவதைக் குறைக்கும், கழுவுவதை எளிதாக்கும். இவை உண்மையான பயன்கள். 9ஹெச் என்று விளம்பரங்களில் வருவது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவுகோலின் எண்ணே தவிர மோஸ் அளவுகோலின் 9 அன்று. குவார்ட்ஸ் துகளோடு சேர்த்துத் தேய்த்தால் அதிலும் கீறல் விழும். கீறலை நீக்காமல் மேலே அதைப் பூசிவிட்டால், கீறல்கள் அடியில் அப்படியே இருந்துவிடும்.

பழைய கார்களின் பெயிண்ட்

அம்பாசடர், ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆகிய பழைய கார்களின் மூலப் பெயிண்டில் பொதுவாகக் கிளியர் கோட் கிடையாது. நிறமும் மெருகும் ஒரே அடுக்கில் இருந்தன. அதைப் பாலிஷ் செய்யும்போது பேடில் காரின் நிறமே ஒட்டிக்கொண்டு வரும். கிளியர் கோட்டைத் துளைத்துவிட்டோமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் போவது நிறம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வெயிலில் ஆக்சிஜனேற்றமடைந்து வெளுத்த மேல்தோலை எடுத்துவிட்டால் அடியில் நல்ல நிறம் இருக்கும். அந்த ஒரு முறைக்குப் பிறகு மெழுகு பூசிக் காப்பதோடு நிறுத்திக்கொண்டால் அது இன்னொரு தலைமுறைக்கும் தாங்கும்.

1950 முதல் அமெரிக்காவில் நடந்துவரும் பெபிள் பீச் பழங்கார் அணிவகுப்பில், மறுசீரமைப்புச் செய்யாமல் மூலநிலையிலேயே காக்கப்பட்ட கார்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. மங்கலான மூலப் பெயிண்டுக்கு, கண்ணைப் பறிக்கும் புதுப் பெயிண்டுக்கு இல்லாத ஒரு மதிப்பு உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட பார்வை அது. தாத்தா காலத்துக் காரை வைத்திருப்பவர்கள், சில சுழல் கீறல்களுக்காக அதைச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடிக்கத் துணிவதற்கு முன் இதை எண்ணிப்பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கண்காட்சி நாளில்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டு மலைக்கு வரும் கார், முன்னே போன வண்டிகள் கிளப்பிய தூசியைச் சுமந்துகொண்டுதான் வந்துசேரும். நிறுத்தியவுடன் துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்குவதுதான் அந்த நாளின் மிகப் பெரிய சேதம். முதலில் காற்று ஊதும் பிளோயராலோ தண்ணீர்த் தெளிப்பாலோ தளர்ந்த தூசியைப் போக்க வேண்டும். பிறகு வழுக்கும் தன்மையுள்ள ஸ்பிரேயைத் தாராளமாக அடித்து, தடித்த மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்து, அழுத்தாமல் ஒரே திசையில் இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு புதிய பக்கத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கீழே விழுந்த துணியை உதறிவிட்டு மீண்டும் பயன்படுத்தக் கூடாது. அதில் ஒட்டிய மண் உதறினால் போகாது.

வீட்டில் கழுவும்போது சோப்புநீருக்கு ஒரு வாளியும், கையுறையை அலசுவதற்கு இன்னொரு வாளியும் வைத்துக்கொண்டு, கூரையிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கி, சேறு படியும் கதவின் அடிப்பகுதியையும் சக்கரத்தையும் கடைசியில் வேறு துணியால் கழுவினால் போதும். நிழலில் கழுவுவதும், காயும் முன்பே நீரை ஒற்றி எடுப்பதும் உப்புக் கறையைத் தவிர்க்கும். தூசி படிந்த காரின்மேல் உறையை இழுத்துப் போர்த்துவதைப் பலர் பாதுகாப்பு என்று எண்ணுகிறார்கள். மலைக்காற்றில் அந்த உறை இரவு முழுவதும் படபடத்து, அடியிலுள்ள மண்ணைக் காரின் எல்லா வளைவுகளிலும் தேய்த்துக்கொண்டே இருக்கும். காரைக் கழுவி உலர்த்திய பிறகே உறை போட வேண்டும்; கழுவ வசதியில்லாத இடத்தில் உறை போடாமல், கூரையுள்ள இடத்தில் திறந்தே நிறுத்துவது மேல்.